கரையும் பிளேட், ஸ்க்ரூ: ஆபரேஷன் தியேட்டரில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

முக எலும்பு முறிவுக்குக் கரையும் பிளேட் (உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்திவிட்டு, பிறகு உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் பாலிமர் தகடு) வைக்கக் கற்றுக்கொள்ள வருபவர்கள் பெரும்பாலும் டைட்டேனியத்தில் கை பழகியவர்கள். சிக்கலே அங்கேதான். பழகிய கை யோசிக்காமல் வேலை செய்யும். அதனால் ஒரே தவறுகள் ஒவ்வொரு புதிய குழுவிலும் அப்படியே திரும்புகின்றன. நாங்களெல்லாம் ஒரு காலத்தில் செய்தவைதான். காலாவதித் தேதி பார், ஸ்க்ரூ நீளத்தை அள என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே இன்னும் வந்திருக்கக் கூடாது.

மரையை ஏனோதானோவென்று போடுவது

டைட்டேனியம் ஸ்க்ரூ தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொண்டு உள்ளே போகும். சில வகைகளுக்கு டிரில்கூட வேண்டாம். பாலிமர் ஸ்க்ரூவுக்கு அந்தத் தெம்பு கிடையாது. முதலில் துளை, அடுத்து டேப் (மரை வெட்டும் கருவி) வைத்து மரை, அப்புறம்தான் ஸ்க்ரூ. வாய்மொழித் தேர்வில் கேட்டால் எல்லோரும் பட்டென்று சொல்வார்கள். ஆனால் மூன்றாவது ஸ்க்ரூ வரும்போது அவசரம் வந்துவிடும். அரை ஆழத்துக்கு டேப்பை ஓட்டிவிட்டு, மிச்சத்தை ஸ்க்ரூ பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள்.

ஒரு கன்ன எலும்பு முறிவு. புருவத்தின் வெளி முனையில் பயிற்சி மருத்துவர் பிளேட் வைத்துக்கொண்டிருந்தார். முதல் ஸ்க்ரூ ஒழுங்காக உட்கார்ந்தது. இரண்டாவதன் தலை ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. “இந்த லாட்டே சரியில்லை போல இருக்கு சார்” என்றார். லாட்டில் ஒரு குறையும் இல்லை. டிரிலை நேராகத்தான் பிடித்திருந்தார். டேப் போடும்போது மேலே இழுத்துப் பிடித்திருந்த தோல் கைப்பிடியில் இடித்ததால் டேப் சாய்ந்தது. சாய்ந்த டேப் பழைய துளையை விட்டுப் புதிதாக ஒரு வழி பண்ணிக்கொள்ளும். துளை நீள்வட்டமாகிவிடும்; ஒரு பக்கம் மரையே இருக்காது, எதிர்ப் பக்கம் இறுகிக் கிடக்கும். ஸ்க்ரூ பாதியில் நிற்கும். டைட்டேனியம் பழகிய கை “இன்னும் கொஞ்சம்” என்று ஒரு சுற்றுக் கொடுக்கும். கழுத்தில் முறியும்.

இதில் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது முறிந்ததுகூட அல்ல, பழியைப் பொருள் மேல் போடுவதுதான். விலை கூடிய ஸ்க்ரூ இரண்டு வீண், மயக்க நேரம் நீள்கிறது. அதற்கப்புறம் “கரையும் பிளேட்டே வேண்டாம்” என்று ஒரு முடிவு வேறு.

நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். பிளேட்டை ஒருவர் அசையாமல் பிடிக்க வேண்டும். துளைக்கும் மரைக்கும் நடுவே பிளேட் இம்மி நகர்ந்தாலும் கதை முடிந்தது. டிரிலும் டேப்பும் ஒரே கோட்டில், பிளேட்டுக்குச் செங்குத்தாக. டேப்பை மெதுவாக, கையால், சலைன் விட்டுக்கொண்டே முழு ஆழத்துக்கும் இறக்குங்கள். வெளியே எடுக்கும்போது இழுக்காதீர்கள், எதிர்த்திசையில் சுற்றியே எடுங்கள். எலும்புத் துகளைக் கழுவுங்கள். அதே துளையில் இரண்டாம் முறை டேப் ஓட்டாதீர்கள். மேல்தாடையின் முன்சுவர் போன்ற மெல்லிய எலும்பில் கிடைப்பதே ஒன்றிரண்டு மரைதான், அதுவும் போய்விடும். டிரைவரை இரண்டு விரலால் பிடியுங்கள். தலை பிளேட்டில் உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். உலோகம் கொடுக்கும் அந்தக் கடைசி “கடி” இதில் வராது. அதை எதிர்பார்த்துத்தான் பாதிப் பேர் முறிக்கிறார்கள்.

சரி, முறிந்தே போனால்? அந்தப் பயிற்சி மருத்துவர் ஃபோர்செப்ஸால் மிச்சத்தைக் கொத்திக்கொண்டிருந்தார். தேவையே இல்லை. இந்தப் பொருளில் இருக்கும் பெரிய வசதியே இதுதான்: முறிந்த துண்டின் வழியாகவே மறுபடி டிரில் போட்டு, மரை போட்டு, புது ஸ்க்ரூ வைக்கலாம். மரை அழிந்த துளைக்கு ஒரு அளவு பெரிய ஸ்க்ரூ. அல்ட்ராசவுண்ட் அதிர்வால் பின்னை இளக்கித் துளைக்குள் பொருத்தும் முறையும் உண்டு. அதில் மரைத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கென்று தனிக் கருவி வேண்டும்.

குளிர்ந்த பிளேட்டை வளைப்பது

இந்தப் பாலிமர்களில் பல ஏறக்குறைய 55 முதல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் இளகும். வெந்நீர்த் தொட்டியில் சில விநாடி வைத்து, எலும்பின் மேல் பொருத்தி, ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். உடனே கையை எடுத்தால் பழைய வடிவத்துக்கு ஓடும். சூடாக்காமல் வளைத்து நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தால் அந்த இடம் பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம். தூக்கிப் போடுங்கள். அறை வெப்பத்திலேயே வளையும் வகைகளும் இருக்கின்றன, கையிலிருப்பது எது என்று முதலில் பாருங்கள்.

ஆட்டோகிளேவ்

கரையும் பிளேட்டையும் ஸ்க்ரூவையும் நீராவிச் சூட்டில் கிருமி நீக்கக் கூடாது. மிச்சமானதைக்கூட.

கீழ்த்தாடையில் வீரம் காட்டுவது

கன்ன எலும்பு, மேல்தாடை, கண்குழி விளிம்பு இவற்றில் சுமை குறைவு. கீழ்த்தாடை மெல்லும் விசை முழுவதையும் தாங்குகிறது. நொறுங்கிய முறிவு, எலும்பு இழப்பு, பல் போய்த் தேய்ந்து மெலிந்த தாடை என்றால் டைட்டேனியம்தான், பேச்சே இல்லை. எளிய முறிவில் கரையும் பிளேட் வைத்தாலும், தேவைப்பட்டால் சில வாரம் மேல், கீழ்ப் பற்களைச் சேர்த்துக் கட்டி வையுங்கள். மென்மையான உணவு மட்டும். டைட்டேனியத்துக்கு ஒப்பான பலத்துக்கு இந்தப் பிளேட் தடிமனாக இருக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குக் கீழே தோல் மெலிது, கையில் தட்டுப்படும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகள்

பல் முளைகள் எங்கே என்று பார்க்காமல் டிரிலைத் தொடாதீர்கள். ஸ்க்ரூ கரைந்துவிடும், துளைபட்ட பல் முளை திரும்பாது.

“கரைந்துவிடும்” என்பதோடு பேச்சை முடிப்பது

எத்தனை நாளில் என்பது பொருளைப் பொறுத்தது. இவை நீரால் உடைந்து லாக்டிக், கிளைகாலிக் போன்ற அமிலங்களாகி, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் நீருமாக வெளியேறுகின்றன. முதலில் போவது பலம், பருமன் அதற்கு வெகுநாள் கழித்துத்தான் போகும். 82:18 விகிதத்தில் லாக்டிக், கிளைகாலிக் அமிலங்கள் கலந்த பாலிமர் சுமார் ஓராண்டில் கரையும். தூய பாலி-எல்-லாக்டிக் அமிலம் அப்படியல்ல. கன்ன எலும்பு முறிவுக்கு அதை வைத்த நோயாளிகள் சிலருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் கழித்து அதே இடத்தில் வீக்கம் வந்ததை 1990களில் நெதர்லாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். கரைய நேரமாகும் படிகத் துகள்களுக்கு உடல் காட்டிய எதிர்வினை அது.

இது தெரியாதவர் வீக்கத்தைப் பார்த்ததும் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் எழுதுவார். காய்ச்சல், வலி, சீழ் இருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் கவனித்துக் காத்திருக்கலாம். அடங்காத வீக்கத்தைத் திறந்து மிச்சத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். கரையும் பிளேட் பொதுவாக எக்ஸ்ரேயில் தெரியாது, துளைகளின் தடம் மட்டும்தான் தெரியும். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் “பிளேட் வைக்கப்பட்டது” என்று மொட்டையாக எழுதாமல் பொருளின் பெயர், கலவை விகிதம், வைத்த இடம், வைத்த தேதி நான்கையும் எழுதுங்கள்.