ரவைப் பெட்டியின் விலையைப் பார்த்து கலிபர் எடுத்தால் எங்கே பிழை வரும்?

தங்கச்சி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கடை மேசையில் இரண்டு ரவைப் பெட்டிகள். (துப்பாக்கித் தோட்டாவைத்தான் நாங்கள் ரவை என்போம். உப்புமாவை நினைக்க வேண்டாம். கலிபர் என்பது ரவையின் பருமன்; .45, .38 மாதிரி புள்ளி வைத்தவை அங்குலக் கணக்கு.) ஒன்று 9 மி.மீ., 15 டொலர். மற்றது .45, 24 டொலர். "மாமா, ஒன்பது டொலர்தானே வித்தியாசம்? .45 பிஸ்டலே எடுத்துக்கொள்ளட்டுமா?" அவன் பிறந்தது இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில். இப்போது இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸில். அங்கே சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கலாம்.

நான் துப்பாக்கி விற்பவன் இல்லை. தோட்டத்து ஒபீசில் கிளாக்கராக இருந்தேன். பிறகு கொழும்பில் பணம் ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தில் பதினொரு வருடம், இடுப்பில் .38 ரிவோல்வரோடு வேனில் போனேன். இரண்டு வேலையிலும் பழகியது கணக்குத்தான். அதனால் படத்தைப் பெரிதாக்கி, பெட்டியின் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன்.

9 மி.மீ. பெட்டியில் 50 ரவை. .45 பெட்டியில் 20. அப்படியென்றால் ஒரு ரவை 30 சதம், மற்றது 1 டொலர் 20 சதம். ஒன்பது டொலர் வித்தியாசம் என்று அவன் நினைத்தது நாலு மடங்கு. ஆனால் அந்த நாலு மடங்கும் சரியான கணக்கில்லை. 9 மி.மீ. பெட்டியில் இருந்தது பயிற்சிக்குச் சுடும் சாதாரண செம்பு மூடிய ரவை. .45 பெட்டியில் இருந்தது ஹொலோ பொயின்ட், அதாவது நுனியில் குழி வைத்த, உடம்பில் பட்டதும் விரியும் தற்காப்பு ரவை. எந்தக் கலிபரிலும் இரண்டாவது வகை முதல் வகையைவிட விலை நன்றாகக் கூடத்தான். பயிற்சி ரவையைப் பயிற்சி ரவையோடும், தற்காப்பு ரவையைத் தற்காப்பு ரவையோடும் வைத்துத்தான் விலை பார்க்க வேண்டும், அதுவும் பெட்டிக் கணக்கில் இல்லாமல் ஒற்றை ரவைக் கணக்கில். ஒரே படத்தில் இரண்டு பிழை விட்டிருந்தான்.

அடுத்த பிழை பையனுடையது மட்டுமில்லை, எல்லாரும் விடுவது. துப்பாக்கியின் விலையை மட்டும் பார்ப்பார்கள். துப்பாக்கி ஒரு தடவைச் செலவு, ரவை மாதாமாதச் செலவு. மாதம் 50 சுட்டால் வருடம் 600. பயிற்சி ரவை 9 மி.மீ.யில் 28 சதம், .45இல் 45 சதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 168 டொலரும் 270 டொலரும் வரும். ஐந்து வருடத்தில் 510 டொலர் வித்தியாசம். அந்தக் காசுக்கு இன்னொரு நல்ல பிஸ்டலே வாங்கிவிடலாம்.

அமெரிக்காவில் பொலிஸ் கழித்துவிட்ட .40 பிஸ்டல்கள் மலிவாகக் கிடைக்கும் என்று ஆசைப்படுகிறவர்கள் விழுவதும் இதே குழியில்தான். 1986இல் மயாமியில் எப்.பி.ஐ. ஆட்களுக்கும் கொள்ளைக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் இரண்டு ஏஜென்ட்கள் செத்தார்கள். 9 மி.மீ. ரவை போதுமான ஆழத்துக்குப் போகவில்லை என்று பேச்சு வந்தது. முதலில் 10 மி.மீ.க்குப் போனார்கள். அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை. 1990இல் .40 வந்தது. பிறகு 9 மி.மீ. ஹொலோ பொயின்ட் நன்றாகத் தேறியதும் எப்.பி.ஐ. திரும்பவும் 9 மி.மீ.க்கே வந்துவிட்டது. மற்ற பொலிஸ் பிரிவுகளும் பின்னால் வர, .40 துப்பாக்கிகள் பழைய சாமானாகக் கடைக்கு வந்தன. துப்பாக்கி மலிவு, ரவை மலிவில்லை. வாங்கும்போது மிச்சம் பிடித்த நூறு டொலரை ரவையில் விட்டுவிடுவீர்கள்.

சின்ன ரவை என்றால் விலையும் சின்னது என்று நினைப்பதும் தப்பு. .380 ரவை 9 மி.மீ.யைவிடக் குட்டை, பலமும் குறைவு, ஆனால் விலை கூட. .32ம் அப்படித்தான். நான் கட்டியிருந்த .38 ஸ்பெஷலும் அங்கே 9 மி.மீ.யைவிட விலை கூடவே விற்கிறது. ரவைக்குள் இருக்கும் ஈயமும் மருந்தும் விலையில் ஒரு பங்குதான். எத்தனை கோடி ரவை ஓடும் மெசினில் அது அடிக்கப்படுகிறது என்பதுதான் பெரிய பங்கு. 1902இல் ஜெர்மனியில் பிறந்த 9 மி.மீ.யை இன்று நேட்டோ படைகளும் பல நாட்டுப் பொலிசும் பாவிக்கின்றன. தேயிலையிலும் இதைப் பார்த்திருக்கிறோம்: எல்லாரும் குடிக்கிற டஸ்ட் எப்போதும் கையில் கிடைக்கும், யாரோ சிலர் கேட்கும் ரகத்துக்குத்தான் விலையும் தட்டுப்பாடும். 2020இல் கொரோனாவோடு அமெரிக்காவில் ரவைத் தட்டுப்பாடு வந்தபோது 9 மி.மீ. விலையும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஆனாலும் கடைகளுக்கு முதலில் திரும்பி வந்தவற்றில் அதுவும் ஒன்று.

சின்னதில் .22 மட்டும் உண்மையிலேயே மலிவு. அதை எடுத்துத் தற்காப்புக்கு வைக்கலாமா? என்னைக் கேட்டால் வேண்டாம். பழகுவதற்கு அது அருமையான ரவை, கை பயம் தெளியும். ஆனால் அதன் பற்றுமருந்து அடிவிளிம்புக்குள் பரவி இருப்பது. அடியின் நடுவில், தனி மூடிக்குள் பற்றுமருந்து வைத்த ரவையைவிட இது பற்றாமல் போவது அதிகம். ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், பற்றாவிட்டால் கொஞ்சம் பொறுத்து, சிரித்துவிட்டு அடுத்ததை ஏற்றலாம். திருடன் முன்னால் அது முடியாது.

தற்காப்பு ரவை விலை என்று ஒரே ஒரு பெட்டி வாங்கி, மெகசினில் (பிஸ்டலுக்குள் செருகும் ரவைக் கூட்டில்) போட்டுப் பூட்டி வைப்பவர்களும் உண்டு. அந்த ரவை அந்தத் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். குழி வைத்த மூக்கு சில பிஸ்டல்களில் ஏறும்போது தட்டி நிற்கும். குறைந்தது இரண்டு மூன்று பெட்டியாவது அதற்குச் செலவாகும். அதைக் கலிபர் எடுக்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி நம்ம மலைநாட்டுக்கு வருகிறேன். அமெரிக்க விலைப் பட்டியலைப் பேஸ்புக்கில் பார்த்துவிட்டு அட்டன் தேத்தண்ணிக் கடையில் கலிபர் பேசும் தம்பிமார் இருக்கிறார்கள். இங்கே அந்தக் கணக்கே பொருந்தாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம்தான் இன்றும் அடிப்படை. தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும், அனுமதிப்பத்திரத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். 2024 நவம்பரில், தற்காப்புக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிகளையெல்லாம் கடற்படையிடம் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னார்கள். இங்கே கலிபரை நீங்கள் தெரிவு செய்வது குறைவு, கிடைப்பதைக் கட்டிக்கொள்வதுதான் அதிகம். பன்றி விரட்ட விவசாயிகள் வைத்திருக்கும் 12-போர் (bore) வேட்டைத் துவக்கு வேறு கதை.

பெயரில் ஏமாறுவதும் இங்கே ஒரு செலவு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பங்களாக்களில் இருந்த வெப்லி, என்பீல்ட் ரிவோல்வர்கள் சிலவற்றிலும் .38 என்றுதான் இருக்கும். அது .38 ஸ்பெஷல் இல்லை. அதைவிடக் குட்டையான, கொஞ்சம் தடித்த வேறொரு ரவை. இரண்டுக்கும் .38 என்ற பெயர் மட்டும்தான் பொது. எனக்குத் தெரிந்த ஒருவர் பெயரை நம்பி அப்படியொரு பழைய ரிவோல்வருக்கு .38 ஸ்பெஷல் பெட்டி வாங்கி வந்தார். ரவை ஏற்றும் சுழல் உருளையின் துளைக்குள் கொஞ்சம் போய் நின்றது, அப்புறம் நகரவே இல்லை. நல்ல வேளை, தட்டி ஏற்றப் பார்க்கவில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் முழுப்பெயரும் துப்பாக்கியில் குத்தியிருக்கும் முழுப்பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு நல்ல விதிவிலக்கு: .357 மெக்னம் ரிவோல்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம், பயிற்சிச் செலவு குறையும். மறுபக்கமாக மட்டும் ஒருபோதும் முடியாது.

மலிவாக இருக்கும்போது மொத்தமாக வாங்கி அடுக்குவதும் நம்ம பனிக்கு ஒத்துவராது. எங்கள் நிறுவனத்தில் ரவைகளைத் தோல் பெல்ட்டின் வளையங்களில் செருகியே வைத்திருந்தோம். ஒரு மழைக்காலம் முடிந்து நுவரெலியா ட்யூட்டியில் நான் ஒன்றை உருவினேன், வரவில்லை. நகத்தால் நெம்பியதும் பச்சைக் களிம்போடு வந்தது. பித்தளையைச் சுற்றிக் கோவில் விளக்கடியில் படிவது போல ஒரு வளையம். தோல் பதனிடும் இரசாயனமும் ஈரமும் சேர்ந்தால் பித்தளை இப்படித்தான் ஆகும். பெல்ட்டில் இருந்த அத்தனையையும் கழித்தோம். அதே ரவையைப் பெட்டியோடு, மூடி இறுகும் தகர டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வைத்திருந்தால் வருடக்கணக்கில் இருந்திருக்கும்.

இதையெல்லாம் பையனுக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். 9 மி.மீ. எடுத்தான். மாதம் 200 ரவை சுடப்போவதாகச் சொன்னான். 50 போதும், மற்ற நாட்களில் வீட்டில் வெறுந்துப்பாக்கியோடு பழகு, குழாயும் மெகசினும் காலியா என்று இரண்டு தடவை பார், ரவைகளை வேறு அறையில் வை, அதற்கு ஒரு சதமும் செலவில்லை என்றேன். மூன்றாம் மாதம் எத்தனை சுட்டாய் என்று கேட்டேன்.

"ரேஞ்சுக்குப் போக நேரமே இல்லை மாமா."

அப்படியென்றால் அவன் .45ஐயே எடுத்திருக்கலாம். ரவைச் செலவு அதிலும் இதேதான்.