மாம்பழ சீசனுக்கு வா என்று சொல்லிவிட்டு விமானம் ஏறாதீர்கள்

வீடு காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில். ஜெர்மனியில் எம்.எஸ். முடித்துத் திரும்பியவள் என்பதால், போச்சம்பள்ளி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே படிப்பு முடிந்து கிளம்புகிற மாதத்தில் எனக்கு போன் அடிப்பார்கள். எத்தனை கிலோ ஏற்றலாம், ரைஸ் குக்கரை என்ன செய்வது, பேங்க் கணக்கை மூடலாமா என்று கேட்பார்கள். நண்பர்களிடம் எப்படி விடைபெறுவது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அது தானாக நடந்துவிடும் என்ற நினைப்பு. ஊருக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, "அக்கா, அவன் இப்பல்லாம் பேசறதே இல்லக்கா" என்று ஆரம்பிப்பார்கள். என்ன நடந்தது என்று கேட்டால், நான் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்துதான் திரும்ப நடந்திருக்கும்.

குரூப் போட்டோ எடு, கார்டு எழுதிக் கொடு, கடன் வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரே பார்ட்டியில் எல்லோரையும் முடித்துவிடுவது

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை, ஹாஸ்டல் சமையலறையில் பிரியாணி, தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அழைப்பு. சமைப்பது யார்? நீங்கள்தான். வந்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அடுப்போரம் தம் போட்டுக்கொண்டிருப்பீர்கள். யாரிடம் நிஜமாகவே இரண்டு வார்த்தை பேச வேண்டுமோ அவனுக்கு அன்றைக்குக் குடோனில் நைட் ஷிப்ட். அவன் வரவே மாட்டான்.

முக்கியமானவர்களைத் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே. இன்னொன்று, எராஸ்மஸ் என்கிற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒன்றிரண்டு செமஸ்டருக்கு வந்த பிள்ளைகள் பிப்ரவரியிலோ ஜூலையிலோ உங்களுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். நாம்தான் கிளம்புகிறோம், மற்றவர்கள் எல்லோரும் அங்கேயே இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பாதிப் பேர் போயிருப்பார்கள்.

"எங்க ஊருக்குக் கண்டிப்பா வா"

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, அதனால் நீளும்.

நம் பக்கம் கல்யாண மண்டப வாசலில் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாமல் யாரும் யாரையும் அனுப்புவதில்லை. கேட்பவரும் "வராம என்ன, வந்துட்டாப் போச்சு" என்பார். இரண்டு பேருமே தேதி பேச மாட்டார்கள். இந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய், கிளம்புகிற அன்றைக்கு எதிரே நிற்கும் ஜெர்மன்காரனிடமோ பிரேசில்காரியிடமோ காட்டுகிறோம். கிருஷ்ணகிரிப் பிள்ளை என்றால் "மாம்பழ சீசனுக்கு வா". தர்மபுரிப் பிள்ளை என்றால் "ஒகேனக்கல்ல பரிசல்ல கூட்டிட்டுப் போறேன்". கேட்டவர்கள் காலண்டரில் குறித்துக்கொள்கிறார்கள்.

போச்சம்பள்ளிப் பையன் ஒருவன் இப்படித்தான் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டு வந்தான். லேபில் கூட வேலை செய்த ஜெர்மன் நண்பன் அடுத்த வருஷம் "ஆகஸ்ட்டில் வரலாமா?" என்று கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறான். நம் ஆள் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். அதோடு சரி. அந்த ஜெர்மன் நண்பன் பார்ட் டைம் சம்பளத்தைச் சேர்த்து டிக்கெட் எடுத்து, விசா எடுத்து, வந்தே விட்டான்.

நம் ஆளுக்கு அப்போதுதான் ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. ப்ரொபேஷன், லீவு கிடையாது. அப்பாவும் சித்தப்பா மகனும் காரை எடுத்துக்கொண்டு பெங்களூரு விமான நிலையத்துக்குப் போனார்கள். அது தேவனஹள்ளியில், ஊருக்கு அந்தப் பக்கம். பெங்களூரு முழுவதையும் தாண்டி, ஓசூரைத் தாண்டி, கிருஷ்ணகிரி வழியாக வீடு வந்து சேர இருட்டிவிட்டது. காலையில் அந்த ஜெர்மன் பையன் பின்பக்கத் தோப்பில் போய் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறான். மரம் நிறைய இலை. அம்மாவுக்கு என்னவோ போலாகி, தெரிந்த ஃபேக்டரியிலிருந்து வாங்கி வைத்திருந்த மாம்பழக் கூழ் டின்னை உடைத்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவன் அதை மரத்தடியில் நின்றுகொண்டே குடித்தானாம்.

அடுத்த நாள் ஒகேனக்கல். கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள், பரிசலுக்கும் குளிக்கவும் தடை. தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று செம்மண் நிறத்தில் ஓடுகிற வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, பொரித்த மீன் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. நம் ஆள் வீட்டுக்கு வரவே இரவு ஒன்பதாகும். விருந்தாளி டி.வி. முன்னால் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சொன்னதற்கு முன்னாலேயே ஹம்பி போகிறேன் என்று கிளம்பினான். அதற்கப்புறம் அவன் பதில்கள் ஒற்றை வார்த்தையாகி, பிறகு அதுவும் நின்றுபோனது.

இதைக் கேட்டபோது நம் ஆள் சொன்னது: "ஒகேனக்கல்ல தண்ணி வந்தா நான் என்னக்கா பண்ணுவேன்?"

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஜூலை, ஆகஸ்ட்டில் காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்துவார்கள் என்பது நம் மாவட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மாம்பழமும் அப்படித்தான். செந்தூரா, அல்போன்சா, பெங்களூரா எல்லாம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலைக்குள் முடிந்துவிடும், கடைசியாக நீலம் கொஞ்சம் இழுக்கும். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி ஜூலை நடு வரை வகுப்பு. லீவு என்பது ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரை, பிறகு பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. நம் சீசனும் அவர்கள் லீவும் அநேகமாகச் சந்திப்பதே இல்லை. அங்கே இரண்டு வருஷம் படித்தவனுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. சொல்லும்போது யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நிஜமாகவே கூப்பிட வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச்சில் கூப்பிடுங்கள். மாம்பழம் இருக்காது என்று முதலிலேயே சொல்லுங்கள். புளி உலுக்குகிற காலம், திண்ணையில் உட்கார்ந்து பாட்டியோடு கொட்டை எடுக்கட்டும், மத்தியானம் களி தின்னட்டும். வெயில் இன்னும் கொளுத்த ஆரம்பித்திருக்காது. பரிசலும் பெரும்பாலும் ஓடும்.

காகித வேலையும் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு இந்திய இ-விசா உண்டு, வந்து இறங்குவதற்குக் குறைந்தது 4 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அதைப் பதிய வேண்டும். ஃபார்ம் சி என்று நெடுங்காலமாகச் சொல்லிவருவது அதைத்தான். ஓட்டல்காரர்கள் தாங்களே செய்துவிடுவார்கள், வீடு என்றால் வீட்டுக்காரர் பொறுப்பு. போச்சம்பள்ளி வீட்டில் இது யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் "ஸ்டேஷன்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டதில் அப்பாவுக்கு அன்றிரவு தூக்கம் போனது.

எல்லா நண்பர்களுக்கும் ஒரே அழைப்பைக் கொடுக்காதீர்கள். உங்கள் கூட்டத்தில் லாகூர்ப் பையன் ஒருவன் இருப்பான், சமையலறையில் உங்களோடு அதிகம் ஒட்டிக்கொண்டவனாகவும் அவனே இருப்பான். பாகிஸ்தான் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா கிடையாது. "என் கல்யாணத்துக்கு வந்துடு" என்று அவனிடம் எல்லோர் முன்னாலும் சொன்னால் அவன் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பான். துபாயிலோ இஸ்தான்புல்லிலோ பார்க்கலாமா என்று தனியாகக் கேளுங்கள்.

"வர முடியலன்னா மாம்பழத்தையாவது பார்சல் அனுப்பறேன்" என்பதும் வேண்டாம். பழ ஈ பிரச்சினையால் 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையே சில மாதம் தடை செய்து வைத்திருந்தது. தடை 2015-ல் நீங்கிவிட்டது, ஆனாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழம் உள்ளே போகாது. நிப்பட்டு, அதாவது தட்டை, அனுப்புங்கள்.

டெபாசிட்டை நண்பன் தலையில் கட்டுவது

வீட்டு அட்வான்ஸ் அங்கே அதிகபட்சம் மூன்று மாத வாடகை வரை வாங்கலாம், ஹீட்டிங் செலவு சேர்க்காத வாடகைக் கணக்கில். காலி செய்த அன்றைக்கே கையில் தர மாட்டார்கள், கணக்குப் பார்த்துத் தர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் நம் பிள்ளைகள் பேங்க் கணக்கை மூடிவிட்டு நண்பன் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு நினைவூட்டல் எழுதுவது அவன் வேலை, சுவரில் ஓட்டை என்று பிடித்தம் செய்தால் வாதாடுவதும் அவன் வேலை. கடைசியில் தொகை குறைந்து வந்தால் சந்தேகமும் அவன் மேல்தான். நான் கேட்ட சண்டைகளில் அதிகம் இந்த வகை.

பணம் வரும்வரை உங்கள் கணக்கைத் திறந்தே வைத்திருங்கள். சாவி ஒப்படைக்கும்போது எழுதுகிற குறிப்பில் உங்கள் கணக்கு எண்ணையே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பழைய சாமானை நினைவுப் பரிசு என்று கொடுப்பது

ஓட்டை வாணலி ஞாபகார்த்தம் ஆகாது.

சிம்மைத் தூக்கிப் போடுவது

இதில் ஒரு வலை இருக்கிறது. ஜெர்மன் சிம் செத்த பிறகும் அந்த எண்ணிலேயே வாட்ஸ்அப் இங்கே ஓடும். அதனால் கண்டுகொள்ள மாட்டீர்கள். பிறகு ஒரு நாள் போன் உடையும், புதுப் போனில் போட்டால் ஓ.டி.பி. அந்தப் பழைய எண்ணுக்குப் போகும். ரீசார்ஜ் செய்யாத ப்ரீபெய்டு எண்ணைக் கம்பெனி பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்திருக்கும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் அழிந்துவிடும். நண்பன் பிறந்த நாளுக்கு அனுப்பிய வாழ்த்து யாரோ ஒரு டிரக் டிரைவருக்குப் போய்ச் சேரும்.

இந்திய எண் கைக்கு வந்த வாரமே, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது, அதில் எல்லோருக்கும் தெரிவி என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிடுங்கள். பல்கலைக்கழக மெயிலும் அப்படித்தான், மாணவர் பதிவு நீங்கினால் கொஞ்ச நாளில் மூடிவிடுவார்கள். போச்சம்பள்ளி விருந்தாளி விமான நேரத்தையெல்லாம் அந்த மெயிலுக்குத்தான் ஒழுங்காக எழுதியிருக்கிறான். கடைசி நேரத்தில் இன்ஸ்டாகிராமில் பிடித்ததால் ஏர்போர்ட்டில் அனாதையாக நிற்காமல் தப்பித்தான். பல்கலைக்கழக கிளவுடில் போட்டு வைத்த பயணப் படங்களும் மெயிலோடு சேர்ந்து போகும். முன்னாலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்துக்கு எல்லோரையும் வரச்சொல்வது

வேண்டாம். பெட்டி எடை கூடிப்போய், தரையில் விரித்து ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்கும்போது யாரும் கூட இருக்கக் கூடாது.

தினமும் பேசலாம் என்பது

பேச மாட்டீர்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேரம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நாலரை மணி நேரம் வித்தியாசம். நம் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி அங்கே சாயங்காலம் நாலரை, பனிக்காலத்தில் மூன்றரை. இரண்டு பக்கமும் சும்மா இருக்கிற நேரம் அதுதான். மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் நடக்கும்.

மாணவர்களை மட்டும் நண்பர் பட்டியலில் வைப்பது

கீழ் வீட்டுப் பாட்டி உங்கள் பார்சலை எல்லாம் வாங்கி வைத்திருப்பார். கேன்டீனில் ஒரு அம்மா, இந்தப் பெண் மாட்டிறைச்சி தின்னாது என்று கேட்காமலே வேறு தட்டை நீட்டியிருப்பார். இவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டு ஊரில் வந்து வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்த்தேன். இவர்கள் வாட்ஸ்அப்பிலும் இருக்க மாட்டார்கள், கடிதம்தான் வழி. பாட்டியின் முகவரியை வாங்கும்போது வீட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். அங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் ஃபிளாட் எண் இருக்காது, தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். கீழே இறங்கிப் போய், அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருந்தால் அதையும் சேர்த்து.