குமட்டல் கதையும் உண்மை வரலாறும்: 8 முதல் 12 வயதினருக்கு எழுதும் முறை

ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புழு, சளி, சீழ், வாந்தி எல்லாமே ருசிகரமான சங்கதிகள். "உள்ளே என்ன இருந்துச்சு? அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்காமல் விடாது. ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கையில் கொடுத்தாலும் அதே கேள்விதான். அதனால் குமட்டவைக்கும் திகில் கதை எழுதத் தெரிந்தவர் சிறுவர்களுக்கான வாழ்க்கை வரலாறும் எழுதலாம். இரண்டுக்கும் கைமுதல் துல்லியமான விவரம். கதையில் அதை உங்கள் இஷ்டத்துக்கு வளைக்கலாம். வரலாற்றில் இம்மிகூட வளைக்கக் கூடாது.

முதலில் கதை. எழுதி முடித்ததும் "அருவருப்பான", "பயங்கரமான", "கொடூரமான" ஆகிய சொற்களைத் தேடி, வரும் இடமெல்லாம் அடித்துவிடுங்கள். பிள்ளை பட வேண்டிய உணர்ச்சியை நீங்களே பட்டு முடித்துவிட்டால் அதற்கு மிச்சம் எதுவும் இல்லை. "வாளிக்குள் அருவருப்பான புழுக்கள் நெளிந்தன" என்ற வரியைப் படித்துவிட்டு யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "வாளியின் மூடியைத் தூக்கினான். உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி சத்தம். உள்ளே அரிசி இல்லை."

இந்த மாதிரி வரிகள் பூச்சியியலிலிருந்தும் உடலியலிலிருந்தும்தான் கிடைக்கும். ஈப்புழு இரையை மென்று தின்பதில்லை. செரிமானச் சாற்றை அதன்மேல் உமிழ்ந்து, கூழாக்கி உறிஞ்சுகிறது. மூச்சுவிடும் முக்கியத் துளைகள் அதன் பின்பக்கத்தில் இருக்கின்றன. தலையைப் புதைத்துக்கொண்டு நிறுத்தாமல் தின்பதற்கு அது வசதி. இந்த ஒரு செய்தியில் ஓர் அத்தியாயத்தையே ஓட்டலாம். வாந்தியின் வாடைக்கு முக்கியக் காரணம் பியூட்டிரிக் அமிலம். கெட்டுப்போன நெய்யிலும் வெண்ணெயிலும் அதே அமிலம் உண்டு. ஆகவே வாந்தியைக் காட்டுவதற்கு முன்னால், மூடிய அறையில் ஊசிப்போன நெய் வாடை வீசட்டும்.

புலன்களை வரிசையாக விடுங்கள்: முதலில் மூக்கு, பிறகு காது, பிறகு கை, கண் கடைசியில். கண் முந்திக்கொண்டால் மற்ற மூன்றுக்கும் வேலை போய்விடும். நம் இரட்டைக்கிளவிகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை: கொழகொழ, பிசுபிசு, வழவழ, சொதசொத, நறநற. ஆனால் பக்கத்துக்கு ஒன்று போதும். ஒரே பத்தியில் மூன்று வந்தால் பாட்டாகிவிடும், பயம் போய்விடும்.

அளவும் முக்கியம். 900 சொல் அத்தியாயத்தில் குமட்டல் காட்சி ஒன்றே ஒன்று, 120 முதல் 150 சொற்களுக்குள். அத்தியாயத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த பிறகு வையுங்கள். காட்சி முடிந்த கையோடு ஒரு சிரிப்போ ஓர் ஓட்டமோ வர வேண்டும். அதே அத்தியாயத்தில் இரண்டாவது காட்சியைச் சேர்த்தால் இரண்டுமே நீர்த்துப்போகும். பேய்க்கோ பிராணிக்கோ இரண்டு மூன்று விதிகள் கொடுங்கள்: வெளிச்சத்தில் வராது, உப்பைத் தாண்டாது என்கிற மாதிரி. அந்த விதிகளைக் கதையில் வரும் பிள்ளையே கண்டுபிடித்துத் தப்பிக்க வேண்டும். பெரியவர்கள் வந்து காப்பாற்றினால் படிக்கிற பிள்ளை ஏமாந்துபோகும். விதியே இல்லாத பேயிடமிருந்து தப்பிக்க வழியில்லை. அந்தப் பயம் புத்தகத்தை மூடிய பிறகும் விடாது, படுக்கை வரை வரும். இந்த வயதுக்கு அது வேண்டாம்.

ஓரிடத்தில் மட்டும் கொஞ்சமும் தளரக் கூடாது. அருவருப்பை மனிதர்மேல் ஏவாதீர்கள். சாக்கடையில் இறக்கப்படுகிறவர், குப்பை அள்ளுகிறவர், ஒரு வீட்டில் சமைக்கிற மாட்டுக்கறி, பன்றிக்கறி, கருவாடு, ஒருவருடைய நிறம், பருமன், தோல் நோய்: இவற்றைக் குமட்டலுக்கு எடுத்தால், ஊரில் ஏற்கெனவே இருக்கிற தீட்டைச் சிரிப்போடு குழைத்துப் பிள்ளைக்கு ஊட்டுகிறீர்கள். எல்லோர் உடம்பிலும் உள்ளதை எடுங்கள். பீளை, பொருக்கு, ஏப்பம், குறும்பி, மூக்குச் சளி. அவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

இனி வாழ்க்கை வரலாறு. இதைப் பழகுவதற்கு அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டினைவிட நல்ல ஆள் கிடைப்பது கடினம். பிரெஞ்சுக் கனேடியரான இவர் விலங்குகளின் ரோமத்தோல் வணிகத்தில் படகுக் கூலி. 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மாக்கினா தீவில் இருந்த வணிகக் கடையில் தற்செயலாக வெடித்த துப்பாக்கியின் குண்டு, மிக அருகிலிருந்து இவரது இடது விலாவில் பாய்ந்தது. காலையில் சாப்பிட்டது காயத்தின் வழியே வெளியே வந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட் சிகிச்சை அளித்தார். ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைக்குள் போகும் ஓட்டை மூடவே இல்லை. அதன் வழியாகத்தான் பியூமான்ட் 1825இல் சோதனைகளைத் தொடங்கினார். முடிவுகளை 1833இல் நூலாக வெளியிட்டார்.

எழுத உட்காரும் முன் நோட்டில் கோடு கிழித்து மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்: தேதி, நடந்தது, எப்படித் தெரியும். மூன்றாவது நெடுவரிசை காலியாக இருக்கும் எதுவும் புத்தகத்துக்குள் போகக் கூடாது. உரையாடலுக்கும் இதே சட்டம். யாரும் எழுதிவைக்காத பேச்சை மேற்கோள் குறிக்குள் போட்டால் அது கதை. "அலெக்சிஸ் வயிறு சங்கடம் செய்வதாகச் சொன்னார்" என்று எழுதலாம், அது பியூமான்டின் குறிப்பிலேயே இருக்கிறது. "ஐயோ, என்னை விட்டுவிடுங்கள் ஐயா!" என்று கதறவைக்க நமக்கு உரிமை இல்லை.

பிறப்பிலிருந்து தொடங்காதீர்கள். அதிகம் நடந்த நாளிலிருந்து தொடங்குங்கள். 1825 ஆகஸ்ட் 1 அப்படி ஒரு நாள்:

"நண்பகல் 12 மணி. பட்டு நூலில் ஆறு துண்டுகள். மசாலா சேர்த்துச் சமைத்த மாட்டிறைச்சி. உப்புப் போட்ட பச்சைப் பன்றிக்கொழுப்பு. உப்புப் போட்ட பச்சை மாட்டிறைச்சி. வேகவைத்த மாட்டிறைச்சி. பழைய ரொட்டி. நறுக்கிய முட்டைக்கோஸ். மருத்துவர் நூலை ஓட்டைக்குள் இறக்கினார். 1 மணிக்கு வெளியே இழுத்தார். முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி போட்டபடியே இருந்தது. 2 மணிக்கு மறுபடி இழுத்தார். முட்டைக்கோஸ், ரொட்டி, பன்றிக்கொழுப்பு, வேகவைத்த மாட்டிறைச்சி நான்கும் காணோம்."

வாக்கியங்கள் எவ்வளவு குட்டை என்று பாருங்கள். "வந்து, பார்த்து, எடுத்து" என்று வினையெச்சங்களைக் கோத்துக் கோத்து நீட்டும் வழக்கம் நமக்கு உண்டு. பத்துச் சொல்லைத் தாண்டியதும் பிள்ளை எழுவாயை மறந்துவிடும். மாட்டிறைச்சி என்பதை வெறும் "இறைச்சி" என்று மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் துண்டு எப்போது கரைந்தது என்பதுதான் சோதனையே.

கற்பனை உண்மையைக் கெடுக்கும் இடம் இங்கேயே இருக்கிறது. திகில் கதை எழுதிய கை, இரைப்பைச் சாற்றைப் பச்சை நிறமாக்கி நாறவைக்கத் துடிக்கும். பியூமான்ட் அதை நாக்கில் வைத்தே பார்த்தவர். தெளிவான நீர், வாடை இல்லை, லேசான உப்பு, நன்றாகத் தெரியும் புளிப்பு என்று பதிவு செய்திருக்கிறார். மருத்துவர் அதை ருசி பார்த்தார் என்பதே பிள்ளைகளை அலறவைக்கும். நாற்றம் சேர்க்கத் தேவையில்லை.

இந்த வரலாற்றில் அடிக்கடி நடக்கும் தவறு, மருத்துவரை வீரராக்கிவிட்டு அலெக்சிஸை வெறும் வயிறாக விட்டுவிடுவது. அவர் பியூமான்ட் வீட்டில் விறகு வெட்டினார், சுமை தூக்கினார். எழுதத் தெரியாதவர், ஒப்பந்தத்தில் பெருக்கல் குறி போட்டார். ஒருமுறை கனடாவுக்கே கிளம்பிப் போய்விட்டார், கல்யாணம் செய்துகொண்டார். அத்தியாயம்தோறும் ஒரு பத்தியாவது நூலின் மறுமுனையில் இருப்பவருக்கு ஒதுக்குங்கள். "சம்மதம் என்றால் என்ன?" என்று பாடம் எடுக்க வேண்டாம். கூலியையும் கைக்குறியையும் காட்டினால் பிள்ளையே கேட்கும்.

கடைசி அத்தியாயம் 1880. அலெக்சிஸ் கனடாவின் கியூபெக்கில் இறந்தார். அவர் வயிற்றை அருங்காட்சியகத்துக்குக் கேட்டு மருத்துவர்கள் காத்திருந்தார்கள். குடும்பத்தார் உடலை வேண்டுமென்றே வெயில் காலத்தில் வழக்கத்தைவிட அதிக நாள் வீட்டில் வைத்திருந்து, அழுகவிட்டு, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். யாரும் அறுத்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இங்கே நாற்றத்தைத் தயங்காமல் எழுதுங்கள். ஆனால் காரணத்தை முதல் வாக்கியத்திலும் நாற்றத்தை இரண்டாவதிலும் வையுங்கள். மாற்றி வைத்தால் பிள்ளை சிரித்துவிடும், பிறகு காரணம் காதில் விழாது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கதையில் அவர்கள் நெளியாத இடத்தில் விவரம் போதவில்லை, காதைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் அளவு கூடிவிட்டது. வரலாற்றில் "நிஜமாவா?" என்று கேட்கும் ஒவ்வொரு வரிக்கும் பென்சிலில் குறி போட்டு, நோட்டின் மூன்றாவது நெடுவரிசையில் இருப்பதை அதற்கு அடுத்த வாக்கியமாகச் சேர்த்துவிடுங்கள்.