லினக்ஸ் போடும்போது நெட்வேர்க் கார்டைக் காணவில்லையா?

போன கிழமை, திருகோணமலை உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி பழைய லப்டொப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, டெபியன் போடுறன், நெட்வேர்க் கார்டு இல்லை எண்டு சொல்லுது. டிரைவர் எங்க எடுக்கிறது?" டெபியன் என்பது லினக்ஸில் ஒரு வகை, டிரைவர் என்பது கார்டை இயக்கும் மென்பொருள். டிரைவர் இருக்கட்டும், அது என்ன கார்டு என்று கேட்டேன். தெரியாது. கார்டின் பெயரே தெரியாமல் இரவு முழுக்க டிரைவர் தேடுகிறவர்கள் நிறையப் பேர், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான்.

அதனால் முதலில் கார்டு கணினியின் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். டெபியன் இன்ஸ்டோலர் டெக்ஸ்ட் முறையில் ஓடும்போது ஆல்ட், எஃப்2 இரண்டையும் சேர்த்து அமுக்கினால் கறுப்புத் திரை வரும் (படமுறை இன்ஸ்டோலர் என்றால் கன்ட்ரோலையும் சேர்க்க வேண்டும்). எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் ஆங்கில 'என்' எழுத்து இரண்டும் போடுங்கள். வரிசையாக வரும் பட்டியலில் ஈதர்நெட் அல்லது நெட்வேர்க் என்ற வரியைப் பிடித்து, கடைசியில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் முன்பாதி 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் அதெரோஸ், 14இ4 என்றால் புரோட்கொம். இனி எதைத் தேடினாலும் அந்த முழு எண்ணைப் போட்டுத் தேடுங்கள், லப்டொப் மொடலைப் போட்டுத் தேடாதீர்கள், ஏனென்றால் ஒரே மொடலுக்குள் இரண்டு மூன்று விதமான வைஃபை கார்டு போட்டு விற்றிருப்பார்கள். பட்டியலில் அந்த வரியே இல்லையென்றால் லினக்ஸில் பிழை தேடிப் பயனில்லை. பயோஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) கார்டை நிறுத்தி வைத்திருக்கிறதா, கார்டு தன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கார்டு தெரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் இல்லாத குறை. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சின்னக் கோப்பு அது. இன்ஸ்டோலரே கோப்பின் பெயரைத் திரையில் காட்டி, வேறு பென்டிரைவில் இருக்கிறதா என்று கேட்கும், நாம் அவசரத்தில் வாசிக்காமல் 'இல்லை' என்று அமுக்கிவிட்டுப் போவோம். அமுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் இந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை இன்ஸ்டோலருக்குள்ளேயே வருகின்றன, ஆகவே பழைய பென்டிரைவை வைத்து மல்லுக்கட்டாமல் புதிய ஐஎஸ்ஓவை (இன்ஸ்டோலர் அடங்கிய கோப்பு) இறக்கினாலே பாதிப் பேருக்குத் தலைவலி போய்விடும்.

தம்பிக்குப் போகவில்லை. அவனுடையது 14இ4, அதுவும் பழைய புரோட்கொம், பி43 என்று தொடங்கும் கோப்புகளைக் கேட்டது. அதை விநியோகிக்க உரிமம் இல்லாததால் டெபியன் தன்னோடு சேர்த்துத் தருவதில்லை, இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் வர இணையம் வேண்டும்!

சரி, கேபிளைக் குத்துவோம் என்று ரவுட்டரில் இருந்து இழுத்துக் குத்தினால் அதுவும் இல்லை. ஐபி லிங்க் என்ற கட்டளையை அடித்துப் பார்த்தேன், நோ-கேரியர் என்று வந்தது. டிரைவர் நல்லபடி ஏறிவிட்டது, ஆனால் கம்பியில் உயிர் இல்லை என்று அர்த்தம். கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எட்டுச் செப்புத் தகடுகளில் மூன்று பச்சை பூத்துக் கிடந்தன. கடலைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் மாதக்கணக்காகச் சும்மா தொங்கிய கேபிள், உப்புக்காற்று விடுமா? வேறு கேபிள் மாற்றியதும் போர்ட்டில் லைட் எரிந்தது. லைட் எரிந்தும் ஐபி முகவரி கிடைக்கவில்லை என்றால் ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். அப்புறமும் வராவிட்டால் ரவுட்டரின் முகவரி 192.168.1.1 என்று வைத்துக்கொண்டால், 192.168.1.200, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்துப் பார்க்கலாம்.

கேபிளும் இல்லை, ரவுட்டரும் இல்லை என்றால் அன்ட்ரொயிட் போன் போதும். யூஎஸ்பி கேபிளால் இணைத்து, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் வசதி) ஓன் செய்துவிட்டு, இன்ஸ்டோலர் மெனுவில் நெட்வேர்க் வன்பொருளைக் கண்டறியும் படியை மறுபடி ஓட்டுங்கள், போன் ஒரு சாதாரண ஈதர்நெட் கார்டு மாதிரி வந்து நிற்கும். சார்ஜ் மட்டும் ஏறும் மலிவுக் கேபிள் உதவாது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையத்தையே கடத்திக் கொடுக்கும், டேட்டா பெக்கேஜ் கரையாது. ஐபோனை இன்ஸ்டோல் நேரத்தில் நம்ப வேண்டாம்.

இணையம் வந்து இன்ஸ்டோல் முடிந்ததும், டெபியன் பொதிகளின் (மென்பொருள் தொகுப்புகளின்) பட்டியலில் கொன்ட்ரிப் என்ற பகுதியைச் சேர்த்து, ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டோலர் என்ற பொதியைப் போட்டால் மீதியை அதுவே இறக்கிக்கொள்ளும். சில புரோட்கொம் கார்டுகளுக்கு டபிள்யூஎல் என்ற தனி டிரைவர் வேண்டும். அது உங்கள் கணினியிலேயே தொகுக்கப்படுவதால் கேர்னல் ஹெடர்ஸ் (லினக்ஸின் மையப் பகுதிக்கான துணைக் கோப்புகள்) பொதியும் தேவை, செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது கையொப்பம் பார்க்கும் பாதுகாப்பு) ஓன் என்றால் கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்றவும் விடாது, பயோஸில் அதை நிறுத்துங்கள் அல்லது டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யுங்கள். விண்டோஸும் கூடவே இருக்கிறதென்றால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்துங்கள், சில கார்டுகளை அது அரைத்தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறது.

பொதிகளை இறக்கும்போது 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற வகையில் பிழை வந்தால் கார்டைத் திட்டாதீர்கள், கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்ட்டில் இருக்கும் சிஆர்2032 பற்றரி செத்திருக்கும். தம்பியின் லப்டொப்பும் ஏதோ பழைய ஆண்டில்தான் நின்றது, தேதியைத் திருத்திய பிறகுதான் பொதி இறங்கியது. ரீபூட் செய்து வைஃபை பெயர்கள் வரும்வரை போன் கேபிளை மட்டும் கழற்றவில்லை.