குறைந்த செலவில் பண்டிகை அலங்காரம்: என் அனுபவம்

பண்டிகைக்கென்று ஒதுக்கக் கையில் அதிகப் பணம் இல்லாதபோது, வீடு முழுவதையும் அலங்கரிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் ஒரே ஒரு சுவரை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அறைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தால் எடுபடாத பொருள்கள், ஓரிடத்தில் சேர்ந்ததும் நிறைவாகத் தெரிந்தன.

பழைய சீரியல் விளக்குச் சரத்தில் ஒரு பகுதி எரியவில்லை. இத்தகைய சரங்களில் பல்புகள் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒன்று தளர்ந்தாலே அந்தப் பகுதி முழுவதும் அணைந்துவிடக்கூடும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு பல்பாக எடுத்துப் பார்த்தபோது, அடியிலுள்ள மெல்லிய கம்பி மடங்கியதால் குழிக்குள் சரியாகப் பொருந்தாத ஒன்று அகப்பட்டது. கம்பியை நிமிர்த்திச் செருகியதும் சரம் முழுவதும் எரிந்தது. வயரின் மேலுறை வெடித்திருந்தால் மட்டும், எவ்வளவு பணமுடை இருந்தாலும், அந்தச் சரத்தைப் பயன்படுத்தவே கூடாது.

சரிசெய்த சரத்தைச் சுவர்க் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிப் படரவிட்டேன். விளக்குகளும் அவற்றின் பிம்பங்களும் சேர்ந்து இருமடங்காகத் தெரிந்ததால், இன்னொரு சரம் வாங்கத் தேவைப்படவில்லை. நட்சத்திரங்களைப் பழைய மாதக் காலண்டரின் தடித்த தாள்களில் செய்தேன். செய்தித்தாளைவிட அதில் மடிப்பு நன்றாக நிற்கிறது. காகிதம் எதுவும் சூடாகும் பல்புகளின்மேல் படாதபடி தள்ளியே தொங்கவிட்டேன்.

பண்டிகை முடிந்து டேப்பை உரிக்கும்போது பெயின்ட் பெயர்ந்து வராமலிருக்க, ஹேர் டிரையரால் பசையைச் சற்று இளகவைத்து, சுவரை ஒட்டினாற்போல் மெதுவாக இழுத்தெடுத்தேன்.