சோயாவைக் குறைத்து லைசின் போடுவது எப்படி

வெண்பன்றித் தீவனத்தில் கையைக் கடிப்பது சோயா புண்ணாக்குதான். பன்றிக்கு முதலில் பற்றாக்குறையாவது லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தை உருவாக்கும் துண்டுகளில் ஒன்று), அதை எட்டத்தான் அவ்வளவு சோயா கொட்டுகிறோம். கூடவே வரும் மற்ற அமினோ அமிலங்களில் மிஞ்சுவதைப் பன்றி உடைத்து மூத்திரத்தில் யூரியாவாக விட்டுவிடும், கொட்டகையில் கண்ணை எரிக்கும் அம்மோனியா பெரும்பாலும் அதிலிருந்து வருவதுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். 100 கிலோ தீவனத்தில் 5 கிலோ சோயாவை எடுத்துவிட்டு 4 கிலோ 850 கிராம் மக்காச்சோளமும் 150 கிராம் லைசின் ஹைட்ரோகுளோரைடும் (மூட்டையில் விற்கும் லைசின் உப்பு) போடுங்கள். அதாவது 28 கிலோ சோயா போட்டவர் 23க்கு வரலாம். புரதம் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் சதவீதம் இறங்கும், லைசின் பழைய அளவிலேயே நிற்கும். கழிவில் போகும் நைட்ரஜன், புரதம் ஒரு சதவீதம் இறங்கினால் 8 முதல் 10 சதவீதம் வரை குறையும்.

மூட்டையைப் படித்து வாங்குங்கள். 98.5 என்று போட்டிருந்தால் அது உப்பின் தூய்மை, அதில் லைசின் 78 சதவீதம்தான், மேலே சொன்ன 150 கிராம் அதற்கானது. 55 சதவீத லைசின் சல்பேட் என்றால் ஏறக்குறைய 215 கிராம் வேண்டும், கடைக்காரர் இரண்டையும் லைசின் என்றுதான் தருவார்.

150 கிராமை நேராக மிக்சரில் கொட்டினால் ஓரிடத்திலேயே தங்கிவிடும். முதலில் இரண்டு கிலோ சோள மாவில் கையால் நன்றாகக் கலந்து, அதைப் பத்து கிலோவில் கலந்து, அப்புறம் மொத்தத்தில் சேருங்கள். வேகவைக்கும் தீவனத்தில் அடுப்பில் இருக்கும்போது போடவே கூடாது, சூட்டில் லைசின் வீணாகும். ஒரே வேளை தீவனம் வைப்பவர்கள் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள், தனி லைசின் புண்ணாக்கில் உள்ளதைவிடச் சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடுவதால் ஒரே வேளையில் போட்டால் பாதி பயன் போய்விடலாம்.

இதற்கும் கீழே புரதத்தை இறக்க ஆசைப்பட்டால் லைசின் மட்டும் போதாது. அடுத்து பற்றாக்குறையாகும் அமினோ அமிலங்கள் திரியோனின், மெத்தியோனின், பிறகு டிரிப்டோபான், அதையும் தாண்டினால் வேலின். லைசினை 100 என்று வைத்தால் திரியோனின் 60க்கு மேல், மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்ந்து 56க்கு மேல், டிரிப்டோபான் 17 இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி குறைந்து கொழுப்பு கூடலாம்.

கடலைப் புண்ணாக்கு போடுபவர்களுக்கும் ஓட்டல் கழிவு போடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. கடலையில் லைசின் குறைவு, கழிவில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சோயா விலை இறங்கும் மாதங்களில் 5 கிலோ சோயா விலையையும் சோளம் பிளஸ் லைசின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.