சேர்வராயன் மலை மக்களைப் பற்றி ஒரு குறிப்புப் பட்டியல் போடுவது எப்படி?

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சுற்றி வாழும் பழங்குடிகளுக்கு ‘மலையாளி’ என்று பெயர். ஆனால் கூகுளில் ‘மலையாளி’ என்று தட்டினால் ஓணமும் செண்டை மேளமும்தான் வரிசை கட்டி வரும். ஏற்காட்டு மலையாளி அதற்குள் எங்கேயோ கிடப்பார். நான் முதலில் போட்ட பட்டியலில் பாதிக்குப் பாதி கேரளத்துச் சமாசாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழித்தேன். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிதாக எதுவும் தேவையில்லை. ஒரு கூகுள் ஷீட் திறந்து, மேலே ஐந்து தலைப்பு போடுங்கள்: புத்தகம் அல்லது ஆவணம், எழுதியவர், ஆண்டு, எங்கே கிடைக்கும், யாருக்காக எழுதினார். கடைசித் தலைப்பை விட்டுவிடாதீர்கள். அது எதற்கு என்று பிறகு தெரியும்.

1. பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழில் தேடும்போது பெயரோடு ‘பழங்குடி’ என்றோ மலையின் பெயரையோ சேர்த்துத் தட்டுங்கள். ஆங்கிலத்தில் பழைய நூல்கள் இந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கின்றன. நடுவில் ஒய் மட்டும் (Malayali), ஐ மட்டும் (Malaiali), இரண்டும் சேர்த்து (Malaiyali), கடைசியில் இரட்டை ஈ (Malayalee) என்று நான்கையும் போட்டுப் பாருங்கள். மலைக்கு ‘சேர்வராயன்’ மட்டும் போதாது, ‘ஷெவராய்’ என்றும் தேட வேண்டும்.

2. பழைய நூல்கள்

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் மூன்றைத் தேடுங்கள். லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு (1883). சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் சேர்ந்து எழுதிய தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் (1909, ஏழு தொகுதிகள், நமக்கு வேண்டியது நான்காவது). ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர், அதாவது அரசாங்கத்தின் மாவட்ட விவரத் தொகுப்பு (1918). காப்புரிமைக் காலம் முடிந்தவை, தாராளமாக இறக்கிக்கொள்ளலாம்.

தர்ஸ்டனை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறிய கதை அதில் இருக்கிறது. அதே பகுதியில், இந்த மக்கள் சந்தேகப் பிராணிகள், மூடநம்பிக்கை பிடித்தவர்கள் என்றும் எழுதுகிறார். ஏன் அப்படிச் சொன்னார்? தர்ஸ்டனை செட்டில்மென்ட் அதிகாரி (நிலத்தை அளந்து வரி போடுகிறவர்) என்று நினைத்துவிட்டார்களாம். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அந்தமானுக்கு அனுப்ப வந்திருக்கிறார் என்று பயந்தார்களாம். ஊரைப் படமெடுக்கக் கேமராவை நிறுத்தியதும் நிலம் அளக்கிற கருவி என்று நினைத்துத் தடுத்திருக்கிறார்கள்.

காப்பித் தோட்டங்கள் ஏறிக்கொண்டிருந்த மலை அது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களிலேயே காப்பிச் செடியைக் கொண்டுவந்துவிட்டார். மூன்று காலில் ஒரு கருவியை நிறுத்திக்கொண்டு வெள்ளைக்காரர் நின்றால் வேறு என்னதான் நினைப்பார்கள்? ஐந்தாவது தலைப்பு இதற்காகத்தான். என் ஷீட்டில் தர்ஸ்டனுக்கு நேரே ‘அரசாங்கத்துக்காக, அச்சத்தை மூடநம்பிக்கை என்கிறார்’ என்று போட்டிருக்கிறேன்.

3. எண்ணிக்கை

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் 7,94,697 பேர். அதில் மலையாளிகள்தான் அதிகம், மூன்றரை லட்சத்துக்கும் மேல். இதை அப்படியே சேர்வராயனுக்கு எழுதிவிடாதீர்கள். ஜவ்வாது, கல்வராயன், கொல்லி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. அரசின் பழங்குடிப் பட்டியலிலும் மலையாளி என்ற பெயர் குறிப்பிட்ட மாவட்டங்களோடுதான் வருகிறது. ஈரோடு அதில் இல்லாததால் பர்கூர் மலைக்காரர்கள் இந்தக் கணக்கில் இல்லை. நம் மலைக்கு வேண்டுமென்றால் சேலம் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் ஏற்காடு தாலுகாவின் ஊர்வாரி அட்டவணையைப் பாருங்கள்.

உடல்நலத்துக்குத் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) இருக்கிறது. அதன் மாவட்டத் தகவல் தாளில் பழங்குடிக்குத் தனிக் கணக்கு கிடையாது, மாநில அறிக்கையில்தான் கிடைக்கும்.

4. மொழி

இங்கே பலரும் சறுக்குவார்கள். பெயரை வைத்து மலையாளம் பேசுகிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள், பேசுவது தமிழ்தான். ஆங்கிலேயர் காலத்தில் கிரியர்சன் நடத்திய இந்திய மொழி ஆய்வைப் புரட்டி நேரத்தை வீணாக்கவும் வேண்டாம். சென்னை மாகாணம் அந்த ஆய்வில் சேரவே இல்லை.

5. மலையேறுங்கள்

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் கூட்டத்தில் போய் நோட்டை நீட்டாதீர்கள். இன்னொரு நாள் பேச வரலாமா என்று கேட்டுவிட்டு வாருங்கள். மூலிகை, வழிபாடு பற்றிச் சொன்னதைச் சொன்னவர் சம்மதம் இல்லாமல் ஷீட்டில் ஏற்றக் கூடாது. தங்கள் மரபறிவு தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது பழங்குடிகளின் உரிமை என்று 2007-இல் ஐ.நா. பிரகடனமே சொல்லியிருக்கிறது.

போன தடவை ஒரு பெரியவரிடம் அந்தக் கேமரா கதையைத் தமிழில் சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி சிரிக்கவில்லை.

“அப்புறம் அளந்தாங்களா இல்லையா, தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. “பார்த்துட்டு வந்து சொல்றேங்க, ஐயா” என்றேன். அன்றைக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வீட்டுக்கு வந்ததும், ரிச்சர்ட்ஸின் கெசட்டியரில் நான் தாண்டித் தாண்டிப் போன நிலவரி அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.